பலகைமேற் புகையிரதம்

மாதிரிப் புகையிரதம் என்றதும் வசதி படைத்தோர் வீட்டு விளையாட்டுப் பொருளே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். அந்நினைவு முற்றிலும் பிழையன்று. சிறு இயந்திரமொன்றின் விலை நம்போன்ற ஆசிரியரின் மாதச் சம்பளத்திற் பெரும் பங்கை விழுங்கிவிடும். ஆயினும், அப்பாதைகளைத் திட்டமிட்டு வரைய உதவும் கணினி மென்பொருளின் கதை வேறு. 'எனிரெயில்' போன்ற வணிக மென்பொருள்கள் 50 துண்டுகளுக்கு மேல் வரையப் பணம் கேட்கும். 'எக்ஸ்ட்ராக்கேட்' என்பதோ எவரும் விலையின்றிப் பெறத்தக்க பொதுச் சொத்து.

கணினிக்கும் மாதிரிப் புகையிரதத்துக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் மாதிரிப் புகையிரதக் கழகம் 1946இல் தோன்றியது. பாதையின் மின்னிணைப்புக்களோடு மல்லுக்கட்டிப் பழகிய அதன் மாணவர் சிலர், 1950களின் இறுதியில் அதே ஆர்வத்தோடு அங்கிருந்த கணினியை நாடினர். அன்று புகையிரதம் கணினிக்குச் செய்த உதவியை இன்று கணினி திருப்பிச் செலுத்துகிறது எனலாம்.

நாம் நமது மாணவருடன் காங்கேசன்துறை நிலையத்தை வரைய முற்பட்டபோது, முதலில் எதிர்ப்பட்ட சிக்கல் அளவு. எச்.ஓ. அளவில் யாவும் 87இல் ஒரு பங்காகும். ஒரு கிலோமீற்றர் பதினொன்றரை மீற்றராகச் சுருங்கும். ஆறு மீற்றர் நீளமான வகுப்பறையில் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றரே அடங்கும். கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அது மேனாட்டு 1435 மில்லிமீற்றர் பாதையின் சுருக்கம். நமது பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வரும். எவருடைய சந்தைக்காகத் துண்டுகள் வார்க்கப்படுகின்றனவோ, அவருடைய நாடே அளவுகோலாகிறது. இதனை மாணவர் நமது விரிவுரையின்றியே விளங்கிக்கொண்டனர்.

வளைவின் ஆரை எவ்வளவு, ஏற்றம் நூற்றுக்கு எத்தனை என்றெல்லாம் மென்பொருள் தவறாது கணக்குச் சொல்லும். எதனை வரைவது, எதனை விடுவது என்பதை மட்டும் அது சொல்லாது. இடம் போதாதபோது, சீமெந்துத் தொழிற்சாலைப் பகுதியை நீக்கிவிடலாம் என்றான் ஒருவன். மாணவியொருத்தி மறுத்தாள். அவளுடைய பாட்டனார் அங்கே மூடை சுமந்தவர். 1950இல் உற்பத்தி தொடங்கிய அத்தொழிற்சாலை 1990இற் போரினால் நின்றது, புகையிரதமும் நின்றது. 2015 ஜனவரியிற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தபோது தொழிற்சாலை இயங்கவில்லை. "வண்டி திரும்பி வந்தது, வேலை திரும்பி வரவில்லையே. படத்திலுமா அதனை அழிப்பது?" என்று கேட்டாள். நீண்ட விவாதத்தின் பின் பயணிகள் மேடை குறுக்கப்பட்டது. தொழிற்சாலை தன் இடத்தில் நின்றது.

யதார்த்தம் என்பது யாவற்றையும் அப்படியே படியெடுத்தலன்று, தெரிவு செய்தலே என்று இலக்கிய வகுப்பில் நாம் பலமுறை கூறியதுண்டு. தெரிவு செய்பவர் யார், எவர் பக்கம் நின்று செய்கிறார் என்ற வினாவும் அதனோடு கூடியதே. எல்லார்க்கும் பொதுவான கருவி கைக்கு வந்தால் மட்டும் போதாது. உழைத்தவரை விட்டுவிடாத கண்ணும் வேண்டும்.

இம்மென்பொருள் திட்டத்தை முழு அளவிலேயே அச்சிட்டுத் தரும். தாள்களை ஒட்டி வாங்குகளின்மேல் விரித்து, மட்டையாற் கட்டடங்கள் செய்யத் தொடங்கியுள்ளோம். இயந்திரம் வாங்கப் பணமில்லை. பாதை ஆயத்தமாகிறது.