மொட்டையாகாத ரயர்

அப்பா கொக்குவிலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அங்கேதான். அதனால் ரயர் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்துத் தைத்து இன்னும் ஆறு மாதம் ஓட விட்ட கதைகளை அவர் இப்போதும் சொல்லுவார். அவருடைய சட்டம் ஒன்றுதான்: "நூல் தெரியுமட்டும் ரயருக்கு உயிர் இருக்கு, பிள்ளை."

அந்தச் சட்டத்தோடுதான் நான் கனடா வந்தேன்.

ஸ்காபரோவில் அக்கா குடும்பத்தோடு இருக்கிறேன். அக்கா முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. அத்தான் காலை ஐந்து மணிக்கே வேறொரு ஆளின் காரில் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். வீட்டில் நிற்கிற பழைய ராவ்4-ஐ ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அக்காவை ஏற்றி இறக்குவது, மருமக்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது எல்லாம் என் பொறுப்பு. கார் வாங்கும்போதே அதில் இருந்தவை 'ஓல் சீசன்' ரயர்கள். பெயரே எல்லாப் பருவத்துக்கும் என்றுதானே சொல்லுது! வெட்டும் நல்லாய்த்தான் இருந்தது. நூல் தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் கிடந்தது.

2023 பெப்ரவரியில் ஒரு காலை. இரவு கொட்டிய ஸ்னோவைத் தள்ளியிருந்தார்கள். ஆனால் வீதியில் மெல்லிய ஐஸ் பளபளத்தது. ஹைலண்ட் கிரீக் பள்ளத்தை நோக்கி இறங்குகிற வீதி. கீழே சிவப்பு விளக்கு. நான் வேகமாய் வரவில்லை. பிரேக்கை அமத்தினேன். கால் அடியில் 'தடதட' என்று அதிர்ந்தது. கார் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய், சந்தியின் நடுவில், குறுக்காக நின்றது. இடது பக்கத்திலிருந்து வந்த பஸ்காரர் தூரத்திலேயே கண்டு நிறுத்திவிட்டார். ஹோர்ன்கூட அடிக்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

பின் சீற்றிலிருந்து மூத்தவன் கேட்டான்: "சித்தி, நாங்கள் ஏன் நடு ரோட்டில நிக்கிறம்?"

பள்ளிக்கூட வாசலில் அவனிடம், "அம்மாவுக்குச் சொல்லாத, என்ன," என்று சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை. அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குக் கை வேர்த்தது.

நவம்பர் வந்தது. "இந்த முறை வின்ரர் ரயர் போடுவம்" என்று சாப்பாட்டு மேசையில் கதையை எடுத்தேன். அத்தான் சிரித்தார். "எஸ்.யூ.விக்கு ஏன்? ஓல் வீல் ட்ரைவ் இருக்கெல்லே."

இந்த வசனத்தை எங்கட ஆக்களிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நானும் நம்பியவள்தான். ஓல் வீல் ட்ரைவ் செய்வது என்ன? எஞ்சினின் இழுவையை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்னோவுக்குள் புதைந்த காரைக் கிளப்ப அது உதவும். ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நாலு சில்லுக்கும்தான் இருக்கு. நிற்கிற விஷயத்தில் அதனால் ஒரு இலாபமும் இல்லை. எஸ்.யூ.வி பாரம் கூடின வாகனம். நிப்பாட்ட இன்னும் பிடி வேண்டும். லேசாய்க் கிளம்புகிற கார் லேசாய் நிற்கும் என்று மனம் நம்பிவிடுகிறதுதான் ஆபத்து.

மொன்றியலில் இருக்கிற சித்தி வீட்டில் இந்த வாக்குவாதமே இல்லை. கியூபெக்கில் பதிந்த கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். அது சட்டம். ஒன்ராறியோவில் அப்படியில்லை. 2016 இலிருந்து வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸில் ஒரு கழிவு தரவேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அதுவும் கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம். மிச்சம் அவரவர் புத்தி, அவரவர் பொக்கற்.

எங்கள் பொக்கற்றில் ஒரு காசு இருந்தது. அடுத்த கோடைக்கு அம்மா அப்பாவைக் கூப்பிட அக்கா சேர்த்த ரிக்கற் காசு. அதனால்தான் நான் முதலில் மலிவான வழிகளையெல்லாம் தேடினேன்.

தெரிந்த ஒருவர் நாலு பழைய வின்ரர் ரயரை 200 டொலருக்குத் தாறேன் என்றார். போய்ப் பார்த்தால் வெட்டு ஆழமாய், புதுசு மாதிரி. அப்பாவின் கண்ணால் பார்த்தால் தங்கம். பக்கச் சுவரில் டி.ஓ.ரி என்று தொடங்குகிற எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைத் தேடினேன். 3514. முதல் இரண்டும் கிழமை, மற்ற இரண்டும் வருஷம். 2014 ஆம் ஆண்டின் 35 ஆவது கிழமையில் செய்த ரயர். ஒன்பது வயது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. றப்பர் வயதுக்கு இறுகிவிடும். மென்மைக்காகவே வாங்குகிற சாமானில் மென்மை போய்விட்டால், ஆழமான வெட்டு இருந்து என்ன?

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் வெளித்தது. மார்கழிக் காலையில் எங்கட வீட்டுத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால்தான் தலைக்கு வரும். நல்லெண்ணெய் அதே குளிரில் உறையாது. இரண்டும் எண்ணெய்தான், சேர்மானம் வேறு. ரயரும் அப்படித்தான். சாதாரண ரயரின் றப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகப் போக இறுகத் தொடங்கும். மைனஸ் பதினைந்தில் அது வீதியைப் பிடிக்காது, அதன் மேல் வழுக்கும். வின்ரர் ரயரின் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாய் இருப்பதற்கென்றே செய்தது. மேலே பிளேட்டால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்புகள்தான் ஸ்னோவையும் ஐஸையும் கவ்வுகின்றன. ரயரின் உயிர் கண்ணுக்குத் தெரிகிற தேய்மானத்தில் மட்டும் இல்லை. எங்கட ஊர் வெயிலில் அப்பாவின் சட்டம் சரி. அந்த வெயில் இங்கே இல்லை.

பிறகு கராஜுக்குப் போனோம். தமிழ் அண்ணை ஒருவர். நான் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அத்தானைப் பார்த்தே பதில் சொன்னார். கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருந்த அளவை நான் வாசித்தேன்: 225/65ஆர்17. அகலம் 225 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், றிம் 17 அங்குலம். "பாரச் சுட்டெண் 102க்குக் குறையாமல் வேணும், அண்ணை. ஆக்கள் ஏறுற வாகனம்." 102 என்றால் ஒரு ரயர் 850 கிலோ தாங்கும். அதற்குப் பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி எங்க வேலை செய்யிறியள்?" என்றார். "சைக்கிள் கடையில வளர்ந்தனான்," என்றேன்.

பழைய ரயரின் வெட்டை அளந்து காட்டினார். 4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். கோடையில் ஓடலாம். 4 மில்லிமீற்றரை நெருங்கின ரயரை ஸ்னோ மூடின வீதியில் ஓட வேண்டாம் என்பதுதான் கனடாப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுரை.

"முன்னுக்கு ரெண்டை மட்டும் மாத்தினால்?" என்று அத்தான் கேட்டார். அண்ணை கையை விசுக்கினார். "முன்சில்லு பிடிக்கும், பின்சில்லு பிடிக்காது. வளைவில வால் முன்னால வந்திடும். போட்டால் நாலும்."

மிச்சம் இருந்தது இரண்டு தெரிவு. ஒன்று 'ஓல் வெதர்'. ஓல் சீசனும் இதுவும் ஒன்றில்லை. எங்கட ஆக்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. பக்கச் சுவரில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருந்தால், அது ஸ்னோவில் இழுவை சோதித்து அங்கீகரித்த ரயர். ஓல் வெதருக்கு அந்த அடையாளம் உண்டு. வருஷம் முழுக்க ஓடலாம், மாற்றிப் போடுகிற செலவும் இல்லை. ஓல் சீசனில் பெரும்பாலும் எம்+எஸ் என்ற எழுத்து மட்டும்தான் இருக்கும். அது வெட்டின் அமைப்பைச் சொல்கிற எழுத்து, சோதனை செய்த சான்று இல்லை.

நகரத்துக்குள் ஓடி, ஸ்னோ கொட்டுகிற நாளில் வீட்டில் நிற்கக்கூடிய குடும்பத்துக்கு ஓல் வெதர் காணும். எங்களுக்கு அப்படி நிற்க ஏலாது. முதியோர் இல்லத்துக்கு ஸ்னோ லீவு கிடையாது. இரவு பத்தரைக்கும் விடிய ஏழு மணிக்கும், உப்புப் போட முந்தின வீதியில் நான் ஓடவேண்டும். ஆகவே அசல் வின்ரர் ரயர் நாலு, தனி இரும்பு றிம்மோடு. றிம் தனியாய் இருந்தால் ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றிப் பூட்டத் தேவையில்லை. இரண்டு செற்றும் மாறி மாறி ஓடுவதால் இரண்டுக்கும் ஆயுள் கூடும். எல்லாம் வரியோடு 1,200 டொலர் சொச்சம்.

அன்றிரவு அக்கா கணக்குக் கொப்பியை மூடினா. "இந்த வருஷம் விடுவம். ரயர் நல்லாத்தானே கிடக்கு. அம்மாவையளின்ர ரிக்கற்..."

அப்போதுதான் சொன்னேன். பெப்ரவரி, சிவப்பு விளக்கு, பஸ், எல்லாம். அக்கா ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா: "பிள்ளையள் பின்னுக்கு இருந்தவையோ?"

"ஓம்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. என் ஓட்டத்தில் நம்பிக்கை போய்விடும் என்ற பயம். அதைவிட, பிழை ரயரில் இருந்ததா என்னில் இருந்ததா என்று எனக்கே தெரியாத பயம். இரண்டிலும்தான் இருந்தது. நல்ல ரயர் போட்டாலும் ஐஸில் மெதுவாய்த்தான் வரவேண்டும். மூத்தவனைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு மறைக்கச் சொன்னது பிழை என்று மன்னிப்புக் கேட்டேன். அவன் அந்தக் கதையை எப்பவோ மறந்திருந்தான். அல்லது மறந்தது போல நின்றான்.

அடுத்த கிழமை ரயர் பூட்டியாயிற்று. அம்மா அப்பாவின் பயணம் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. இரும்பு றிம்மில் காற்றழுத்த சென்சர் இல்லாததால் டாஷ்போர்ட்டில் மஞ்சள் விளக்கொன்று குளிர்காலம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். பூட்டி நூறு கிலோமீற்றர் ஓடினதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொன்னார் அண்ணை. பார்த்தோம். முதல் ஸ்னோ கொட்டின இரவு, வெறுமையாய்க் கிடந்த கார் தரிப்பிடம் ஒன்றில் அக்காவைப் பக்கத்தில் இருத்தி, மெதுவாய் ஓடிப் பிரேக் அடித்துக் காட்டினேன். கொஞ்சம் சறுக்கி நின்றது. நின்றது!

அப்பாவுக்குப் படம் அனுப்பியிருந்தேன். போனில் சிரித்தார். "உதென்ன, புது ரயரைப் பிளேட்டால கீறி வைச்சிருக்கிறாங்கள்?"

தேங்காய் எண்ணெய்க் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அங்க நூல் தெரியுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலாது."

"ஏலாது, அப்பா."

"சரி. காத்துப் பாத்தனியோ?"

பார்க்கவில்லை. குளிருக்குக் காற்று சுருங்கும். ஐந்தாறு பாகை இறங்கினால் கிட்டத்தட்ட ஒரு பி.எஸ்.ஐ குறையும். மஞ்சள் விளக்கு எப்போதும் எரிகிற எங்கட காரில் அதைச் சொல்ல வேறு ஆளும் இல்லை. போனை வைத்துவிட்டு, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். நாலும் குறைவாய்த்தான் இருந்தது.