அய்யனாருக்கு ஒரு குதிரை பாக்கி

எனக்கு வேலை கிடைத்தால் அய்யனாருக்கு மண் குதிரை வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாளாம். அந்த வேலையை விட்ட பிறகுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது!

''அவர் கொடுத்தாச்சு. நீ விட்டதுக்கு அவர் என்னடா பண்ணுவார்? கடனைக் கட்டு'' என்றாள்.

தஞ்சாவூரில் பஸ் ஏறி, ஒரத்தநாடு தாண்டி இறங்கினேன். கல்லணைக் கால்வாய் கோடையில் காய்ந்து கிடந்தது. 1934-ல் வந்த கால்வாய். ஜனங்களுக்கு இன்னும் அது 'புது ஆறு'தான்!

வேளார் வீட்டு வாசலில் பானைகள். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நாலு மண் குழாய்கள்.

''குதிரை எங்கே பெரியவரே?''

''அந்தா நிக்குதே... காலு.''

''பானை மாதிரில்ல இருக்கு?''

''குதிரையும் பானைதான் தம்பி!''

நிஜம்தான். களிமண்ணோடு மணலும் உமியும் பிசைந்து, முதலில் கால். அது இறுகியதும் மேலே வயிறு, கழுத்து, கடைசியில் தலை. உள்ளே எல்லாம் காலி. உடம்பில் ஓர் ஓட்டை கட்டாயம் விடவேண்டும். இல்லாவிட்டால் சூளையில் ஆவி வெளியேற வழியின்றி, வெடித்துவிடும்.

பானைக்கும் மிருகத்துக்கும் பழைய உறவு. பெரு நாட்டில் மோச்சே ஜனங்கள் சுமார் 1500 வருஷம் முன்பே ஆந்தை, நரி, லாமா உருவத்தில் கூஜா வனைந்து, செத்தவரோடு புதைத்தார்கள். நம் ஆதிச்சநல்லூரில் 2004-ல் தோண்டியபோது கிடைத்த மண்பாண்டத் துண்டு ஒன்றில் ஒரு பெண், மான், கொக்கு... எல்லாம் மண்ணாலேயே ஒட்டிய உருவங்கள்.

நான் பி.காம். தேய்மானக் கணக்கு சும்மா விடுமா? ''சிமென்ட்ல செஞ்சா ரொம்ப நாள் நிக்குமே?'' என்றேன்.

''நின்னா, அடுத்தவன் குதிரைக்கு எடம் ஏது? எனக்கு வேலை ஏது? இப்பவே ஏரியில மண்ணள்ள காயிதம் கேக்குறாங்க. மவன் திருப்பூர்ல பனியன் தைக்கிறான்.''

விலை சொன்னார். இந்தக் கட்டுரைக்கு வரும் சன்மானத்தில் ஒரு கால் தேறும். மீதி மூன்று காலுக்கு இன்னும் மூன்று கட்டுரை. வயிறு, தலைக்கெல்லாம் ஆசிரியர் மனசு வைக்கவேண்டும்!

தயங்கி நின்றேன்.

''பணம் மெதுவா வரட்டும். பிடிமண் குடுத்துட்டுப் போ.''

ஒரு கை மண் அள்ளிக் கொடுத்தேன். ஆர்டர் முடிந்தது. போகிற வழியில் அய்யனார் தோப்பில் பார்த்தேன். பழைய குதிரை ஒன்றின் வயிறு உடைந்து, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கண் திறக்கிற அன்றைக்கு அம்மாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. டாக்ஸி பேசியிருக்கிறேன்.

அதுவும் கடன்தான்.