ஒன்பது குப்பிகள்

2011 டிசம்பர். சிசிலித் தீவின் தலைநகர் பலேர்மோவில், பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கீமோதெரபி எடுக்க வந்திருந்தார் 34 வயதுப் பெண் ஒருவர். வீட்டில் கைக்குழந்தை. நோய் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. புற்றுநோய்களில் மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படுகிற வகை. அன்று அவர் நரம்பில் ஏற வேண்டிய வின்பிளாஸ்டின் 9 மில்லிகிராம். ஏறியது 90. அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார்.

கணக்கு ஒன்றும் கடினமானதில்லை. இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துக் கூட்டில் வின்பிளாஸ்டினின் அளவு, உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 6 மி.கி. உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கண்டுபிடித்து, 6-ஆல் பெருக்க வேண்டும். 1.5 சதுர மீட்டர் என்றால் 9. பள்ளிப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் தாளில் 9-க்கும் 90-க்கும் ஒரு சைபர்தான் வித்தியாசம். கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். மருந்துத் தட்டில் அப்படியில்லை. அந்த மருந்து பொதுவாக 10 மி.கி. குப்பியில் வருவது. 9 மி.கி.க்கு ஒரு குப்பி போதும், அடியில் கொஞ்சம் மிஞ்சும். 90 என்றால் ஒன்பது குப்பி திறக்க வேண்டும். ஒரு ஆளுக்கு, ஒரே வேளைக்கு, ஒன்பதா? இப்படிக் கேட்கப் பெருக்கல் வாய்ப்பாடு தேவையில்லை. அடுக்களையில் உப்பு அள்ளிப் பழகிய கை தேவை.

மருத்துவர்களும் செவிலியரும் வழக்கைச் சந்தித்தார்கள். புற்றுநோய் மருந்துகளில் பிழை தவிர்ப்பது எப்படி என்று இத்தாலியின் சுகாதார அமைச்சகம் 2012-இல் தனியாக ஒரு பரிந்துரை வெளியிட்டது.

இத்தாலியில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஒன்றரை என்பது 1,5. ஆயிரத்துக்கு 1.000. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ கணக்குப் படித்தவருக்கு அந்த ஆயிரம் வெறும் ஒன்றாகத் தெரியும். எந்த ஊர் எழுத்தானாலும் செவிலியர் பாடத்தின் பால பாடம் ஒன்றே: முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சைபரும் வைக்காதே, அரை என்றால் முன்னால் சைபர் இல்லாமல் எழுதாதே. 9.0-இல் புள்ளி மங்கினால் 90. .5-இல் மங்கினால் 5.

சேலைன் ஏற்றுவதற்கு இத்தனை பயம் வேண்டாம். ஆனால் அங்கேயும் எண்ணிக்கைதான். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில், ஒரு லிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால், 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 42 சொட்டு. குழந்தைகளுக்கான நுண்குழாயில் மில்லிக்கு 60 சொட்டு. அதில் ஒரு வசதி: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, வகுக்கவே வேண்டாம். பம்ப் இல்லாத வார்டில் கைக்கடிகாரத்தைச் சொட்டறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்த 42-க்குக் கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று விழுகிறதா என்று பார்த்து உருளையைத் திருகுவார்கள். நோயாளி கையை மடக்கினால் அத்தனையும் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து.

சொட்டு எண்ணுவது வார்டோடு முடிவதில்லை. பலேர்மோவின் இலங்கைத் தமிழர்களில் பலருக்குப் பிழைப்பு, வீட்டு வேலையும் முதியோரைப் பராமரிப்பதும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரினோ மலையேறுபவர்களில் இந்துக்களும் உண்டு. மற்ற நாள்களில் அவர்கள் கையில் மருந்துப் புட்டி. இத்தாலியர்களுக்குச் சொட்டு மருந்தென்றால் தனிப் பிரியம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும்கூடச் சொட்டுதான். தண்ணீரில் 20 சொட்டு ஒரு மில்லி என்பது பொதுக் கணக்கு. மருந்தின் பிசுபிசுப்பும் புட்டியின் மூக்கும் மாறினால் சொட்டின் பருமனும் மாறும். அதனால் ஒரு புட்டியின் சொட்டான் இன்னொன்றுக்கு உதவாது.

கிழவி கட்டிலில் காத்திருப்பாள். இத்தாலிய மொழி எவ்வளவுதான் நாக்கில் ஏறியிருந்தாலும், எண்ணிக்கை என்று வந்தால் வாய் ஊருக்குத்தான் திரும்பும்: ஒண்டு, ரெண்டு, மூண்டு... பதினெட்டில் தொலைபேசி அடிக்கிறது. பதினெட்டா, பத்தொன்பதா? தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து, ஒண்டு.