வாரண்டில் இல்லாததைச் செய்தேன்

சவூதியின் தம்மாமில் ஒரு தொழிலாளர் கேம்பில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். அதற்கு முன் தமிழ்நாட்டில் போலீஸ் காவலராக இருந்தேன். அப்போது ஒருநாள், ஒரு குற்றமும் செய்யாத பெரியவர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்து அடித்தேன். யாரும் என்னை அடிக்கச் சொல்லவில்லை.

செக் பவுன்ஸ் கேஸில் வாய்தாவுக்கு வராத ஒருவர் மீது கோர்ட் பிடிவாரண்ட் போட்டிருந்தது. கிரைம் மீட்டிங் வந்தால், ஸ்டேஷனில் எத்தனை வாரண்ட் தேங்கிக் கிடக்கிறது என்று மேலே கேட்பார்கள். தூங்கும்போது ஆளை அமுக்கிவிடலாம் என்று விடியுமுன் போனோம். கதவைத் தட்டியதும் "யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பதில் சொல்லாமல் எட்டி உதைத்தேன். கொண்டி பெயர்ந்து விழுந்தது.

தேடிப்போன ஆள் இல்லை. அவருடைய அப்பா எழுந்து வந்து, "என்ன கேஸுங்க சார், பேப்பரைக் காட்டுங்க" என்றார். வாரண்ட் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். "எங்கிட்டயே சட்டம் பேசுறியா?" என்று லத்தியால் முழங்காலில் ஓங்கி அடித்தேன். அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மருமகள் குழந்தையை அணைத்துக்கொண்டு அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்றார். ஸ்டேஷனுக்குத் திரும்பி, ஆள் தலைமறைவு என்று மட்டும் எழுதி வைத்தோம்.

அந்தப் பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை. வாரண்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 75-வது பிரிவு. யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, வழிவிடக் கேட்டு, அதற்குப் பிறகும் உள்ளே விடாவிட்டால்தான் கதவை உடைக்கலாம் என்பது 47-வது பிரிவு. கைதானவரையே, தப்பி ஓடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 49. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்த விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. பயிற்சிப் பள்ளியில் இதையெல்லாம் படித்துத் தேறியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

மேலிடத்து நெருக்கடி என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாச்சாத்தித் தீர்ப்பு அந்தச் சமாதானத்தைப் பறித்துவிட்டது. 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் வாச்சாத்தி என்ற மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், உயிரோடிருந்த 215 பேரையும் 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதிகாரிகளோடு கடைநிலை ஊழியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அங்கே நடந்த கொடுமையோடு என் செயலை ஒப்பிட முடியாது. ஆனால் ஒருவரைத் தேடிப் போனால் அந்த வீடும் வீட்டாரும் நம் இஷ்டத்துக்கு என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்தது.

ஒருநாள் இரவு எங்கள் கேம்பில் இகாமா (குடியிருப்பு அனுமதி அட்டை) செக்கிங் வந்தது. என் இகாமாவில் குறையேதும் இல்லை. ஆனாலும் கதவு தட்டப்பட்டதும் கை நடுங்கியது. வெளியே நிற்பவர் என்னைப் போன்றவராக இருந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். வந்தவர் கார்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார். சட்டம் சொல்லாத வழியில் யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்று சவூதியின் 1992 அடிப்படைச் சட்டத்திலும் 37-வது பிரிவு இருக்கிறது. எந்த ஊரிலும் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைக் காப்பதும் மிதிப்பதும் வாசலில் நிற்கும் போலீஸ்காரர்தான்.

லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவைத் தவிர்த்தேன். அது என் இரண்டாவது குற்றம். அடுத்த முறை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அவர் தர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

இன்று காக்கியில் இருக்கும் தம்பிகளே, பிடிவாரண்ட் ஓர் ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு. அவர் அப்பாவை அடிக்க அதில் ஒரு வரிகூட இல்லை. வாசலிலேயே அதை எடுத்துக் காட்டுங்கள்.