குகையும் திறவுகோலும்

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் விடுமுறையில், குவாஹாட்டியிலிருந்து குடும்பத்துடன் சிரபுஞ்சிக்குச் சென்றிருந்தேன். அவ்வூரை அடுத்த மவுஸ்மாய்க் குகையைச் சிறு கட்டணம் செலுத்தி யாவரும் காணலாம். உள்ளே மின்விளக்குகள் உண்டு. கூரையினின்று சுண்ணாம்புக் கல் விழுதுகள் தொங்குகின்றன. பத்து வயது நிரம்பிய என் மகன் வியப்பினால் வாய் பேசாது நடந்தான்.

வீடு திரும்பியபின் அவன் சட்டைப் பையில் ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள விழுதுத் துண்டு ஒன்று இருந்தது. "பிடித்துப் பார்த்தேன் அப்பா, ஒடிந்துவிட்டது" என்றான். இத்தகைய விழுது பொதுவாக ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே வளரும் என்று பின்னர் படித்தறிந்தேன். அக்கணக்கின்படி அது ஐந்நூறு ஆண்டுகளின் விளைவு! கிருஷ்ணதேவராயர் காலத்தில் சொட்டத் தொடங்கிய நீரின் உழைப்பு ஒரு நொடியில் முறிந்துபோயிற்று.

குகைகளையெல்லாம் பூட்டிவிடுவதே நன்று என்று அன்று எண்ணினேன். பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகையில் பழங்கால ஓவியங்கள் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டன. 1948 முதல் மக்கள் திரளாகச் சென்று கண்டனர். அவர்கள் விட்ட மூச்சும் ஓவியங்களுக்குக் கேடாயிற்று. 1963-இல் கதவை அடைத்தனர்.

ஆனால், இங்கிலாந்திலும் வேல்சிலும் குகை ஆர்வலர் தமக்குள் நடத்திய வாதம் என் எண்ணத்தை அசைத்தது. அங்கே 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட மலைகளிலும் பொது நிலங்களிலும் 'திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக' எவரும் நடமாட உரிமை அளித்தது. குகை திறந்தவெளியாகுமா? இதுவே கேள்வி.

"மலைமேல் நடக்கவும் பாறையில் ஏறவும் உரிமை உண்டு, பாறைக்குள் இறங்க மட்டும் நிலக்கிழாரின் அனுமதி வேண்டுமா?" என்றனர் ஒரு சாரார். "நில உரிமையாளரோடு பல்லாண்டு நட்புப் பேணிப் பெற்ற இசைவு கெடும், நொய்ந்த குகைகளுக்கு நாம் இட்ட பூட்டும் போகும்" என்றனர் மற்றவர். 2014-இல் பிரிட்டிஷ் குகையாளர் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில், உரிமைக்காகப் பாடுபட வேண்டும் என்பதே பெரும்பான்மையோர் முடிவாயிற்று. அதனால் வாதம் ஓய்ந்துவிடவில்லை.

இரு சாராரையும் கேட்டபின் எனக்குத் தோன்றுவது இது: பூட்டு இருக்கலாம், ஆனால் அது எவருக்காக இடப்பட்டது என்று கேட்க வேண்டும். குகையைக் காப்பதற்கான பூட்டுக்குத் தலைவணங்கலாம். உடையவரின் விருப்பு வெறுப்புக்காக இட்ட பூட்டுக்கு அந்த மதிப்பு இல்லை. அதுபோல, உரிமை கேட்பவனும் தன் கையைத் தானே பூட்டிக்கொள்ளக் கற்க வேண்டும்.

மேகாலயாவில் பெரும்பாலான நிலம் குலங்களுக்கும் ஊர்ச் சமூகங்களுக்கும் உரியது. பிழைப்புத் தேடி வந்த நாம் இம்மலைகளில் விருந்தினர். விருந்தினன் வீட்டினுள் வரலாம்; விளக்கை எடுத்துக்கொண்டு போகலாமா?

மவுஸ்மாய் பூட்டப்பட்டிருந்தால் அந்த விழுது பிழைத்திருக்கும். ஆனால், மண்ணுக்கடியில் இப்படியோர் உலகம் உண்டென்பதை என் மகன் அறிந்திருக்கமாட்டான். அத்துண்டு இன்றும் அவன் மேசைமேல் இருக்கிறது. "இதை மறுபடி ஒட்ட முடியாதா அப்பா?" என்று ஒருநாள் கேட்டான். முடியாது என்றேன். அதன்பின் அவன் எந்தக் குகையிலும் கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டே நடக்கிறான்.