மணலும் சேறும்: கிந்தா பள்ளத்தாக்கில் ட்ரோன் அளவைப் பணி

மலேசியாவில் ஈப்போ நகரின் தென்கிழக்கில் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டி அமைந்த குனோங் ராபாட், கிந்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அப்பள்ளத்தாக்கோ உலகின் மிகப் பெரிய ஈயச் (வெள்ளீயச்) சுரங்க வட்டாரங்களுள் ஒன்றாக விளங்கியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிதி நெருக்கடியில் சிக்கி ஈய விலை சரிந்ததும் எஞ்சியிருந்த சுரங்கங்கள் பலவும் மூடப்பட்டன. ஈயக்குட்டைகளும் வெண்மணல் திட்டுகளுமே மிஞ்சிய அந்நிலங்கள் பலவற்றில் இன்று காய்கறித் தோட்டங்களும் மீன் குளங்களும் இருக்கின்றன. இந்நிலம் உழவுக்கு எந்த அளவு மீண்டிருக்கிறது என்பதைக் கண்காணிக்க ட்ரோன் படங்கள் பெரிதும் உதவும்.

இந்நிலம் அடைந்த கேட்டின் இயல்பு சுரங்க முறையிலிருந்தே தொடங்குகிறது. நீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அக்குழம்பைப் ‘பாலோங்’ எனப்படும் நீண்ட சரிவுத் தொட்டியில் ஏற்றி ஓடவிட்டபோது, கனமான ஈயத் தாது தங்கியது. மணல் அருகிலேயே குவிய, நுண்களிமண் சேறாகத் தொலைவில் போய்ப் படிந்தது. மணல் நீரையும் உரத்தையும் பிடித்து வைப்பதில்லை, சேறோ நீரை வடிய விடுவதில்லை. இவ்விரண்டும் ஒரே தோட்டத்தில் சில மீட்டர் இடைவெளியில் மாறி மாறி வருவதால், 10 மீட்டர்க் கட்டங்களாகப் பதியும் செயற்கைக்கோள் படத்தில் மறையும் வேறுபாட்டை, 100 மீட்டர் உயரத்தில் பறந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவையும் பிரித்துக் காட்டும் ட்ரோன் வெளிப்படுத்துகிறது.

இப்பணி பொறுமையைக் கோரும் கைத்தொழில். சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி இங்குப் பறக்கவிட முடியாது. மற்ற இடங்களிலும் 400 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு, மேல் அனுமதி வேண்டும். அளவையாளர் முதலில் கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட பலகைகளை மணல்மேல் பதித்து, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் துல்லியமாக அளந்துகொள்கிறார். வெளிச்சத்தின் அளவை அறியச் சாம்பல் நிறத் தகடு ஒன்றையும் படம் பிடிக்கிறார். அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ட்ரோன் பறந்த பின், அவற்றைக் கணினி இணைத்து, சாய்வுப் பிழை நீங்கிய ஒரே வரைபடத்தையும் மேடு பள்ளங்களின் உயர மாதிரியையும் உருவாக்குகிறது. இரு பருவங்களின் மாதிரிகளை ஒப்பிடும்போது குட்டைக் கரை சரிந்த இடமும், சுண்ணாம்புப் பாறைக்கு மேலுள்ள நிலம் உள்வாங்கிய இடமும் தெரியவரும்.

நலமான இலை சிவப்பொளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் தாவரக் குறியீடு பயிரின் நிலையைக் காட்டுகிறது. எனினும், தரிசில் மண்டிய லாலான் என்னும் களைப்புல்லும் படத்தில் பசுமையாகவே தோன்றும். எனவே, குறியீடு உயர்ந்த இடங்களிலும் விவசாயியுடன் நடந்து சென்று மண்வெட்டியால் ஒரு பாத்தியைப் பிளந்து பார்ப்பது கட்டாயமாகிறது. அங்கே கோழி எருவும் மக்கிய குப்பையும் கலந்த கறுத்த மேல்மண் விரற்கடை அளவில் மெலிந்திருக்க, அதன் கீழே வெறும் வெண்மணலே கிடக்கலாம். அந்த மெல்லிய படலம் விவசாயிகளின் பல ஆண்டு உழைப்பால் உருவானது.

கிந்தா பள்ளத்தாக்கு விவசாயிகளில் பலருக்கு நிலப்பட்டா இல்லை. தற்காலிக உரிமம் வைத்திருப்போருக்கும் அது ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் காலாவதியாகிறது. தேதியிட்ட ட்ரோன் படங்கள், தரிசைத் தோட்டமாக்கியவர்களின் உழைப்புக்கு மறுக்க முடியாத ஆவணமாகும் என்பதால், அவற்றின் படிகள் விவசாயிகளின் கைக்கும் கட்டாயம் சேர வேண்டும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய காலம் முதல் சுரங்கத்துக்காகப் பரந்த வயல்வெளிகளை இழந்த தமிழ்நாட்டின் நெய்வேலிக்கும் இது பொருந்தும்: மேலிருந்து எடுக்கும் படம் நிலத்தை எடுப்பவருக்கு மட்டும் உரியதாகிவிட்டால், அது உழவரைக் கண்காணிக்கும் கருவியாக மாறிவிடும்; உழவரும் உடனிருந்து அதைப் படித்துத் திருத்தினால்தான், நிலத்தின் கேட்டையும் அதன் மீட்சியையும் ஒருசேர உண்மையாகச் சொல்லும்.