பொட்டலமும் அதுவே, தட்டும் அதுவே

இளநீரைக் குடித்து முடித்ததும் கடைக்காரர் காயை இரண்டாகப் பிளப்பார். அதன் மட்டையிலேயே ஓரமாக ஒரு சீவல் சீவி நம் கையில் கொடுப்பார். அந்தச் சீவல்தான் கரண்டி. அதனால் வழுக்கையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஓடு, மட்டை, கரண்டி எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டுவிட்டு வந்துவிடலாம். தண்ணீர் வந்த பாத்திரமே கரண்டியையும் தந்துவிடுகிறது. கழுவுகிற வேலையும் இல்லை, மக்காத குப்பையும் இல்லை.

இதை இப்போது உலகம் முழுவதும் பெரிய ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள். தயிர் டப்பாவின் மூடியை மடித்தால் கரண்டியாக வேண்டும், சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து விரித்தால் தட்டாக வேண்டும் என்று வடிவம் போடுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் என் வயதுக்காரர்கள் இதைக் கேட்டால், "இதைத்தானே எங்க அப்பத்தா செஞ்சது" என்பார்கள். அப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது வெறும் பழம்பெருமை. அப்பத்தா செய்தது ஏன் நின்று போயிற்று, திரும்பக் கொண்டுவர என்ன வேண்டும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கந்தர்வக்கோட்டை தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. வடக்கே போனால் தஞ்சாவூர்ப் பக்கத்து வாழை. தெற்கே திரும்பினால் செம்மண்ணும் முந்திரிக்காடும் பனையும். அதனால் எங்களுக்கு இரண்டு இலையும் பழக்கம்.

முதலில் வாழை. பச்சை இலையை அப்படியே மடித்தால் மடிப்பில் கிழிந்துவிடும். அப்பத்தா அதை அடுப்புத் தணலில் முன்னும் பின்னுமாகக் காட்டி வாட்டும். இலை கரும்பச்சையாகி, துணி மாதிரி இளகிவிடும். அதில் புளிச்சோற்றை வைத்து, நான்கு பக்கமும் மடித்து, வாழை நாரால் ஒரு கட்டு. காலையில் கட்டியது ராத்திரி வரை கெடாது. பசித்த இடத்தில் உட்கார்ந்து நாரை அவிழ்த்தால் பொட்டலம் தட்டாகிவிடும். சாப்பிட்ட பிறகு அதை மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

ஓட்டல் பார்சலும் அப்படித்தான் இருந்தது. நான் வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் முகாம் போன ஊர்களிலெல்லாம் பார்சல்தான் சாப்பாடு. உள்ளே வாழை இலை, வெளியே பழைய செய்தித்தாள், மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து சரசரவென்று இழுத்து நாலு சுற்று. கட்டுகிறவர் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சாதத்தைக் குவித்த குவியல் கலையாமல், ஒரு மடிப்புகூடப் பிரியாமல் கட்டுவார். அது ஒரு தொழில். அதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆட்கள் இருந்தார்கள்.

பிறகு இலைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் வந்தது. அதிலும் வேடிக்கை, பச்சை நிறத்தில் வாழை இலை மாதிரியே நரம்பு அச்சடித்த தாள். பார்ப்பதற்கு இலை, மாடு தின்றால் வயிற்றில் கட்டிக்கொள்ளும். செய்தித்தாளின் மை உணவில் சேரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. அது சரிதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் நடுவில் நல்ல அகலமான இலை இருந்தவரை சோற்றுக்கும் பேப்பருக்கும் தொடர்பே இல்லை. பேப்பரோடு சேர்த்து இலையையும் கைவிட்டதுதான் தப்பு.

அடுத்தது பனை. பதநீர் குடித்தவர்களுக்குப் பட்டை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். விசிறி மாதிரி இருக்கும் ஓலையைப் பிளந்து, ஒரு பகுதியை விரித்துப் பிடித்து, நுனிகளை ஒன்றாகக் கூட்டி வளைத்து, அதே ஓலையில் கிழித்த நாரால் ஒரு கட்டுக் கட்டினால் தோணி மாதிரி ஒரு ஏனம் கிடைக்கும். ஆணி, பசை, தையல் எதுவும் கிடையாது. பதநீர், கஞ்சி, கூழ் எதையும் அதில் ஊற்றிக் குடிக்கலாம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் இடங்களில் சோறும் கறியும் பட்டையில்தான் போடுவார்கள். சூட்டில் ஓலை வாசம் ஏறிய கறிக்குழம்பின் ருசி தனி. உண்டது போக மீதி இருந்தால், பட்டையின் வாயை மடித்து இன்னொரு நாரால் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். தட்டாக இருந்தது பொட்டலமாகிவிடும்.

இதெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று நான் நம்பிய ஒரு நேரம் உண்டு. தமிழக அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை கொண்டுவந்தது. சாப்பாடு கட்டும் தாள், தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு அதற்கு முன்பே வேறொன்று வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல். தென்னை, வாழை, பலா, முந்திரி எல்லாம் சாய்ந்து கிடந்தன. சரியாக 46 நாள் கழித்துத் தடை அமலுக்கு வந்தது. இலைக்கு மாறுங்கள் என்று அரசு சொன்ன நேரத்தில் இலை தரும் தோட்டங்கள் எங்கள் பக்கம் தரையோடு தரையாக இருந்தன. பனை மட்டும் பெரும்பாலும் நின்றது. ஆனால் பனையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைகள் வெள்ளித்தாளுக்கும் அட்டைப் பெட்டிக்கும் மாறின.

2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் பிளாஸ்டிக் கரண்டி, முள்கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழல் ஆகியவற்றைத் தடை செய்தது. பிறகு மரக்கரண்டி வந்தது. ஐஸ்கிரீம் கப்பில் நாம் சிறுவயதில் பார்த்த அதே தட்டைக் குச்சிதான். பிளாஸ்டிக்குக்கு அது மேல். என்றாலும் ஒரு வாய் சாப்பாட்டுக்கு ஒரு மரத்துண்டைத் தனியாகச் செய்து, தனியாக உறையில் போட்டு அனுப்புகிறோம். இளநீர்க்காரரின் புத்தி அதில் இல்லை.

அந்தப் புத்தி வேறு இடங்களிலும் வேலை செய்திருக்கிறது. ஐஸ்கிரீம் கோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில்தான் அது பிரபலமானது. முதலில் செய்தது யார் என்பதில் பல பேர் உரிமை கொண்டாடினார்கள். யாராக இருந்தால் என்ன, பாத்திரத்தையும் சேர்த்துத் தின்றுவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள். நம் பக்கத்தில் ஐதராபாத்தைச் சேர்ந்த நாராயண பீசபாடி என்பவர் சோளம், அரிசி, கோதுமை மாவைச் சுட்டுத் தின்னக்கூடிய கரண்டி செய்தார். 2010-ல் தொடங்கிய முயற்சி அது. சோளத்தை அவர் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நெல்லுக்கு நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே போகிறோம், சோளத்துக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம், சோளத்துக்கு ஒரு புதுத் தேவையை உண்டாக்கினால் விவசாயி அதைப் பயிரிடுவார் என்பது அவர் கணக்கு. எங்களைப் போன்ற மானாவாரிச் சீமைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஆனால் அப்படிப்பட்ட பொருள் எதுவானாலும் சந்தையில் அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் கரண்டியின் விலையோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பத்திலும் இந்த மல்லுக்கட்டு நடந்தது. போன மாசியில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. இருநூறு பேருக்குச் சமையல். எதில் பரிமாறுவது என்று பேச்சு வந்தபோது, "பட்டையிலேயே போடுவோம்" என்றேன். தம்பி மகன் சிரித்தான். "பெரியப்பா, ஓலை வெட்ட ஆள எங்க தேடுறது? மரமேறுறவங்களே இல்ல. கடையில சொன்னா ராத்திரியே தட்டு வந்து இறங்கிரும்." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பனை ஏறுகிறவர்கள் அருகிவிட்டார்கள். அந்தக் கஷ்டத்துக்கும் ஆபத்துக்கும் நாம் கொடுத்த கூலிக்கும் பொருத்தமே இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது நல்லதுதான்.

பக்கத்துக் கிராமத்தில் பட்டை மடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். எண்பது வயது இருக்கும். மரமேற ஆள் கிடைக்காததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மரத்துல ஏறணும்னு யாரு தம்பி சொன்னா? வரப்புல நிக்கிற வடலியில நின்னுக்கிட்டே அறுக்கலாமே."

வடலி என்றால் உயரம் பிடிக்காத இளம்பனை. கை எட்டும் உயரத்தில் ஓலை இருக்கும். பட்டைக்கு அந்த ஓலை போதும். கூலி என்ன என்று கேட்டேன். "ஓலைக்குக் காசு வேணாம், அது சும்மா நிக்கிது. மடிக்கிற கைக்குக் குடுங்க" என்றார்.

தொகையைச் சொன்னதும் வீட்டில் முணுமுணுப்பு. தட்டுக்குக் கடைக்காரர் சொன்ன விலையை யாரும் குறைத்துக் கேட்கவில்லை. பெரியவரின் கூலியை மட்டும் எல்லோரும் குறைத்துக் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அந்தத் தொழில் நம் ஊரில் நிற்கிறதா போகிறதா என்பது அந்தக் கூலியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பூசைக்கு முந்தின நாள் மதியம் பெரியவரும், அவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் இருநூறும் தயார். காய்ந்து விறைக்காமல் இருக்க ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தார்கள். மறுநாள் பந்தியில் சிலருக்குக் குழம்பு ஒழுகி வேட்டி கறையானது. "சோத்த மொதல்ல அமுக்கிப் போடணும், அப்பறம் கொழம்பு" என்று ஓர் அத்தை எல்லோருக்கும் பாடம் எடுத்தது. சின்னப் பிள்ளைகள் பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் காலை கோயில் திடலைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில்களைத் தனியாகப் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டியிருந்தது. ஓலையெல்லாம் தென்னந்தோப்புக் குழிக்குப் போய்விட்டது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இலை நம்மிடம் இல்லாமல் போகவில்லை. மடிக்கிற, வாட்டுகிற, கட்டுகிற கைக்குக் கூலி கொடுப்பதைத்தான் நாம் நிறுத்தினோம். பொட்டலமே தட்டாக வேண்டுமென்றால், பரிமாறுவதற்கு முன் யாரோ ஒருவர் அதற்கு ஐந்து நிமிடம் உழைக்க வேண்டும். இளநீர்க்காரர் அந்தச் சீவலைச் சீவும் நேரத்துக்குத் தனிக்காசு கேட்பதில்லை. காயின் விலையிலேயே அது சேர்ந்திருக்கிறது. ஓட்டலிலும் அப்படிச் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். இலையில் கட்டிய பார்சலுக்குக் கூடுதலாக ஐந்து ரூபாய் கேட்டால் நான் கொடுப்பேன். நீங்களும் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று வடலி. வயல் வரப்பைச் சமன் செய்கிறேன் என்று ஜேசிபி வைத்து முதலில் பிடுங்குவது அதைத்தான். பனை நம் மாநில மரம். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டுமென்றும் அரசு சொன்னது. நல்ல காரியம். ஆனால் விதை போட்டு, அது மரமாகிப் பதநீர் தரப் பல வருடம் ஆகும். தானாக முளைத்து வரப்பில் நிற்கிற வடலியை விட்டு வைத்தாலே ஓலைக்கு அலைய வேண்டாம். வெட்டவும் செலவில்லை, விட்டு வைக்கவும் செலவில்லை.

அடுத்த மாசிக்குப் பெரியவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கூலியும் பேசியாயிற்று. தம்பி மகன் ஒரு நாள் முன்னதாக வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கப் பழகுவதாகச் சொல்லியிருக்கிறான்.